தூரமுங்களா?

ரசிகர்கள் அனுப்பிய பட்டியலில் அறுபத்தொரு கோரிக்கைகள் இருந்தன. கல்யாணத்துக்கு மளிகைச் சாமான் எழுதுகிற மாதிரி எண் போட்டு எழுதியிருந்தார்கள். ‘ஏழாற்று நாடு’ விளையாட்டு பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு திரும்ப வரப் போகிறதாம். வந்தால் அதில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கவே கூடாது என்று ஆளாளுக்குச் சண்டை போட்டு, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்து, நாலாயிரம் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள்.

நான் அதைக் கணபதி ஏரியாவில் இருக்கிற எங்கள் மோட்டார் பம்புக் கம்பெனியில் உட்கார்ந்து படித்தேன். அப்பா வைத்த கம்பெனி. என் பெயர் தாரணி, வயது நாற்பத்தொன்பது. லோடு வண்டிக்காரரிடம் கத்திக்கொண்டிருக்கிற என்னைப் பார்க்கிற யாரும், இந்தம்மா ஒரு காலத்தில் ஆறும் காடும் கோட்டையும் பூதமுமாக ஒரு நாட்டையே எழுதியவள் என்று நம்ப மாட்டார்கள். எழுதினேன். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து மூன்று பாகம் செய்தோம். மூன்றாவதோடு கடையைச் சாத்தினோம்.

பட்டியலில் பாதி நியாயமாகத்தான் இருந்தது. வழி காட்டுகிற அம்புக்குறி கூடாது, வழி தெரியாவிட்டால் ஊர்க்காரர்களைக் கேட்டுத்தான் போக வேண்டும் என்று ஐந்தாவது. பூதத்தை அடித்துத்தான் ஜெயிக்க வேண்டும் என்றில்லாமல் பேசியும் ஜெயிக்க முடிய வேண்டும் என்று ஒன்பதாவது. மூட்டை கனத்தால் நடை தளர வேண்டும், மழை பெய்தால் வில் நாண் நனைய வேண்டும், எல்லாம் சரி. இருபத்திரண்டாவதுதான் எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. ‘இரண்டாம் பாகத்தில் வந்த பேசும் குதிரை எக்காரணம் கொண்டும் திரும்பி வரக் கூடாது.’ அந்தக் குதிரைக்கு வசனம் எழுத நான் நாலு மாசம் எடுத்துக்கொண்டேன். இவர்களுக்கு என்ன தெரியும்.

முதல் கோரிக்கை மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. ‘செம்பாயக்கா அப்படியே இருக்க வேண்டும். மயிரிழைகூட மாறக் கூடாது.’

செம்பாயி பரிசல்காரி. ஓடத்துறை என்கிற ஊரில்தான் விளையாட வருகிற எல்லோரும் முதலில் வந்து நிற்பார்கள். எதிரே ஆறு. கோட்டை, காடு, பூதம், புதையல் எல்லாம் அக்கரையில். செம்பாயி தன் பரிசலில் ஏற்றிக்கொண்டு போய் விட்டால்தான் ஆட்டமே ஆரம்பம். ஆற்றைப் பார்த்துப் பயந்து நிற்கிற புது ஆளிடம், “பயப்படாதீங்க, என்ற பரிசல்ல ஏறினவங்க நனைஞ்சிருக்காங்க, முழுகினதில்லை” என்பாள். ஆளைப் பார்த்து அளந்து கிண்டல் பண்ணுவாள். இன்னொரு விஷயத்துக்கும் அவள் பேர் போனவள். யாரையும் ‘எங்கே போறீங்க’ என்று கேட்க மாட்டாள். ‘தூரமுங்களா?’ என்றுதான் கேட்பாள்.

அது என் வேலை. எங்கள் வீட்டில், கிளம்புகிற ஆளைப் பார்த்து ‘எங்கே போறே’ என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி படியிறங்குவார். கேட்ட ஆளுக்கு அன்றைக்கு முழுக்க அர்ச்சனை நடக்கும். விளையாட்டின் முதல் ஒத்திகையில் ஊர்க்காரன் ஒருத்தன், பூதத்தோடு சண்டைக்குக் கிளம்பிய வீரனைப் பார்த்து “எங்கே போறீங்க?” என்றான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பொறப்படற ஆளை அப்படிக் கேட்டால் போகிற காரியம் விளங்குமா? அன்றைக்கே உட்கார்ந்து புரோகிராமில் நாலு வரி எழுதினேன். இந்த நாட்டில் யாரும், எவரையும், எங்கே போனாய், எங்கே போகிறாய் என்று எப்போதும் கேட்க முடியாது. கேள்வியைப் பூட்டியே விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். விளையாடியவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

*

புதிதாக விளையாட்டை வாங்கியிருந்த கம்பெனி சென்னைக்காரர்களுடையது. அவர்கள் அனுப்பிய ஆள் மிதுன். முப்பது வயசுப் பையன், நல்ல மரியாதை, வந்தவுடன் காபியைக் கையில் வாங்கிக்கொண்டு கதவோரம் எட்டிப் பார்த்தான்.

“மேம், சர்வர் இன்னும் ஓடுதுன்னு போன்ல சொன்னீங்களே. நிஜமாவா?”

“மோட்டாருக்குக் காயில் கட்டற ரூமுக்குப் பின்னால ஏசி போட்டு வெச்சிருக்கேன். கம்பெனிக்கு ஜெனரேட்டர் இருக்கறதனால ஒரு நாள்கூட நின்னதில்லை.”

“பதினெட்டு வருஷமா, உள்ள ஆளே இல்லாமலா?”

“வெளையாடறவங்க இல்லை. ஊர்க்காரங்க இருக்கறாங்க.”

அவன் காபியைக் கீழே வைத்தான். “அவங்க கத்துக்கற டைப் இல்லையா? எங்க டீம்ல சொன்னாங்க. பேசினதை ஞாபகம் வெச்சுக்குவாங்க, அதுக்கு ஏத்த மாதிரி குணம் மாறும்னு.”

“இப்ப எல்லா வெளையாட்டுலயும் இருக்கு. அன்னைக்கு நாங்கதான் மொதல்ல செஞ்சோம்.”

“அப்ப செம்பாயிக்கு...”

“அவளுக்கும் பதினெட்டு வருஷம் ஆகியிருக்கும்.”

அணைக்காமல் ஏன் வைத்திருந்தேன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரியாது. அணைக்க மனசு வரவில்லை. உள்ளே போய்ப் பார்க்கவும் மனசு வரவில்லை. வருஷா வருஷம் ஏசிக்கு சர்வீஸ் மட்டும் தவறாமல் பண்ணிக்கொண்டிருந்தேன்.

மிதுன் விஷயத்துக்கு வந்தான். பழைய மூல வட்டு அவர்களிடம் இருந்தது. அதை ஏற்றினால் எல்லாம் முதல் நாள் நிலைக்கு வந்துவிடும். ரசிகர்கள் கேட்டபடி மயிரிழை மாறாத செம்பாயி. கூட்டாளிகள் இருவரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

“இப்ப உள்ள இருக்கறவ என்ன ஆவா?” என்று கேட்டேன்.

“ரீசெட் ஆயிடுவாங்க மேம்.” அவனுக்கே அந்த வார்த்தை சங்கடமாக இருந்திருக்க வேண்டும். “வேணும்னா அந்த நினைவை ஒரு காப்பி எடுத்துப் பெட்டியில போட்டு வெச்சுக்கலாம். ஓடாது. சும்மா இருக்கும்.”

“மொதல்ல நான் போய் அவளைப் பாக்கறேன். பொறவு கையெழுத்தைப் பத்திப் பேசலாம்.”

*

மத்தியானம், காயில் கட்டுகிற பெண்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், விளையாட்டுக்குள் நுழைகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

ஆள் நடமாடாத இடம், புதர் மண்டிக் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். துறைப் படிகள் கழுவிவிட்ட மாதிரி இருந்தன. கரையோரம் பரிசல்களைக் கவிழ்த்து வரிசையாக வைத்திருந்தது. நான் எழுதியது ஒரே ஒரு பரிசல். எண்ணிப் பார்த்தால் முப்பத்தாறு.

செம்பாயி மூங்கில் பிளந்துகொண்டிருந்தாள். நரை விழுந்திருந்தது. நான் அவளுக்கு நரை எழுதவே இல்லை. நிமிர்ந்து பார்த்துவிட்டு அரிவாளைக் கீழே வைத்தாள்.

“வாங்க அம்மிணி. வெயிலோட வந்திருக்கறீங்க. தண்ணி குடிக்கறீங்களா?”

“என்னைத் தெரியுதா செம்பாயி?”

“தெரியாம இருக்குமுங்களா. கடைசியாப் போனவங்க நீங்கதானுங்களே. தூரமுங்களான்னு கேட்டேன். பக்கந்தான்னு சொன்னீங்க.”

அவள் குத்திக் காட்டவில்லை, நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. விளையாட்டை மூடுகிற அன்றைக்கு அக்கரைக் கோயிலில் ஒரு விழா வைத்தோம். ஐந்நூறு பேர் வந்தார்கள். எல்லோரையும் அவள்தான் ஏற்றிக் கொண்டுபோய் விட்டாள். எல்லோருக்கும் பிறகு நான் போனேன். விழா முடிந்து, பேச்செல்லாம் பேசி, அழுது, அங்கிருந்தபடியே வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டோம். இக்கரையில் நிற்கிற பரிசல்காரியை யாரும் நினைக்கவே இல்லை. எழுதினவள் நானே நினைக்கவில்லையே, மற்றவர்களைச் சொல்லி என்ன.

“இத்தனை பரிசல் எதுக்கு?” என்று கேட்டேன்.

“எல்லாரும் ஒண்ணாத் திரும்பி வந்துட்டா ஒண்ணு பத்தாதுங்களே. போன அன்னைக்கு நான் ஒருத்தியே பகல் பூரா துடுப்புப் போட்டேன். எத்தனையோ பேரு வெயில்ல நின்னாங்க. வர்றப்பவும் நிக்க வெச்சா நல்லாவா இருக்கும்?”

“அக்கரைக்குப் போய்ப் பாக்கலையா நீ?”

“மக்யா நாள் விடிஞ்சதுமே போனேனுங்க. கோயிலு இருந்துச்சு, பந்தல் இருந்துச்சு, ஒரு ஆளில்லை. அப்பறம் வாரம் ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வருவேன்.”

அதற்குப் பிறகு அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். மறுபடி வாயெடுத்தாள். கடைசியில் வந்தது பழைய கேள்விதான்.

“நெம்பத் தூரமுங்களா?”

என் நாலு வரி. பதினெட்டு வருஷமாக அவளிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி, அதைத்தான் நான் பூட்டி வைத்திருந்தேன்.

வெளியே வந்து அந்த நாலு வரியைத் தேடிப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அழிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திரும்ப உள்ளே போனபோது அவள் அதே இடத்தில் நின்றாள். என்னைப் பார்த்ததும் கேட்டுவிட்டாள்.

“எங்கீங்க போயிட்டீங்க எல்லாரும்?”

கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் படியில் உட்கார்ந்து சொன்னேன். கம்பெனி நடத்த முடியாமல் போனதை, அப்பா படுத்ததை, பம்பு வேலையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் நான் இறங்கியதை எல்லாம். “உள்ள வந்து உன்னைப் பாத்தா மறுபடி வெளிய போக முடியாதுன்னு பயந்துட்டேன். அதான் வரலை” என்றேன். அந்தக் கேள்வியை அவள் வாயிலிருந்து எடுத்ததே நான்தான் என்பதையும் சொல்லிவிட்டேன்.

“நீங்களாக்கு,” என்றாள். “என்னமோ நெஞ்சுக்குள்ள நிக்கும், வெளிய வராது. நாந்தான் கூச்சப்படறேன்னு நெனச்சுக்கிட்டேன்.” பிறகு சிரித்தாள். “பம்பு வேலையா பாக்கறீங்க? உங்க கையைப் பாத்தா அப்படித் தெரியலையே.”

*

மிதுனிடம் தீர்த்துச் சொன்னேன். இந்தச் செம்பாயிதான் புது விளையாட்டில் இருப்பாள், நினைவோடு இருப்பாள், இல்லாவிட்டால் என் கையெழுத்து கிடையாது. அவன் வாதாடவில்லை. பழைய ரசிகர்கள் நாற்பது பேரைக் கூப்பிட்டு ஒரு ஒத்திகை வைப்போம், அவர்கள் ஏற்றுக்கொண்டால் கம்பெனியும் ஏற்றுக்கொள்ளும் என்றான். நியாயமான பேச்சு.

சரவணம்பட்டியில் அவர்கள் ஆபீஸில் ஒத்திகை நடந்தது. முதல் ஆளாக வந்தவர் அஸ்கர். அறுபத்தொரு கோரிக்கைகளையும் தொகுத்து எழுதியவர் இவர்தான். உக்கடத்துக்காரர், முப்பத்தாறு வயது, லிஃப்ட் மெக்கானிக். யூனிஃபார்மோடு வந்திருந்தார்.

“அக்கா, குதிரை இல்லையே?” என்று என்னைப் பார்த்ததும் கேட்டார்.

“குதிரையை எழுதினது நான்.”

“ஐயோ, மன்னிச்சுக்கோங்க,” என்றார். ஆனால் இருபத்திரண்டாவதை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லவில்லை.

அஸ்கர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவருக்கு உள்ளே தெரிவது எங்களுக்குத் திரையில் தெரிந்தது. செம்பாயி அவரைக் கண்டதும் எழுந்து, “அட, இந்தப் பையனா. மூணு தடவை பரிசல்ல இருந்து விழுந்த பையன்” என்றாள். அஸ்கர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்து அவள் கேட்டாள்.

“எங்கீங்க போயிருந்தீங்க?”

அஸ்கர் துறைப் படியில் உட்கார்ந்தார். பிறகு ஆரம்பித்தார். விளையாட்டு மூடிய அடுத்த மாசமே அவருடைய அண்ணன் பைக் விபத்தில் இறந்துபோனதை. அண்ணனும் தம்பியும் ஒரே கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு விளையாடியதை. படிப்பை விட்டுவிட்டு லிஃப்ட் வேலைக்குப் போனதை, நிக்காஹ் ஆனதை, பொண்ணு பிறந்து அவளுக்கு இப்போது ஏழு வயசு என்பதை. அவர் பெண்டாட்டிக்கே இதில் பாதி தெரியாது என்று அப்புறம் சொன்னார். செம்பாயி அவ்வப்போது, “அப்பறம்?” என்றாள். அண்ணன் பேச்சு வந்தபோது, “அவரு பரிசல்ல உக்காந்தா பாட்டுப் பாடுவாரு, சுருதியே சேராது” என்றாள். அஸ்கர் தலையைக் குனிந்துகொண்டார்.

நாற்பது நிமிஷம் கழித்து அவர் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பட்டியலை வாங்கி, முதல் கோரிக்கையைப் பேனாவால் அடித்தார். பக்கத்தில், ‘செம்பாயக்கா கேட்க வேண்டும்’ என்று எழுதினார்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். மிதுன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மேம், அவர் ஆத்தைத் தாண்டவே இல்லை.”

“பேசிட்டு இருந்ததுல நேரமாயிருச்சு.”

ஐந்து நாளில் நாற்பது பேரும் வந்து போனார்கள். எல்லோரிடமும் அவள் கேட்டாள். எல்லோரும் சொன்னார்கள். ஒருத்தர் துபாய் போய்த் திரும்பி வந்த கதை, ஒருத்திக்கு விவாகரத்து, ஒருத்தருக்கு ஒன்றுமே நடக்கவில்லை, அதையே ஒரு மணி நேரம் சொன்னார். பேசி முடித்து, சரி அக்கரைக்குப் போகலாம் என்றவர்களிடம், கொஞ்சம் இருங்க, ஆத்துல தண்ணி ஜாஸ்தி, காத்து சரியில்லை, பரிசல்ல ஓட்டை என்று அவள் ஏதாவது ஒன்று சொன்னாள். ஆற்றில் தண்ணீர் எப்போதும் போலத்தான் இருந்தது. நாற்பதில் ஒரு ஆள்கூட அக்கரைக்குப் போகவில்லை.

“நீங்க சொன்னா நான் கம்பெனியில பேசிப் பாக்கறேன் மேம்,” என்றான் மிதுன். “ஆனா ஆட்டம் முழுக்க அந்தப் பக்கம்தான் இருக்கு.”

“அப்ப அக்கரையைத் தூக்கி இந்தப் பக்கம் வைங்க,” என்றேன். கோபத்தில் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுகிற வழக்கம் எனக்கு உண்டு. அவன் பாவம், குறித்துக்கொண்டான்.

*

அடுத்த நாள் காலையில் செம்பாயியைத் திட்டுவதற்கென்றே உள்ளே போனேன். அவள் எனக்கு முன்னால் பேச ஆரம்பித்துவிட்டாள்.

“கூட்டிட்டுப் போகலைன்னு கோவமா வந்திருக்கறீங்க. தெரியுதுங்க.”

“ஏன் செம்பாயி? காத்தெல்லாம் ஒண்ணுமில்லையே.”

“துடுப்பை எடுத்தா அன்னைக்குக் கூட்டம் கண்ணுல வந்துருதுங்க. கொண்டு போய் விட்டவங்க ஒருத்தரும் வரலை. மறுபடி கொண்டு போய் விட மனசு வர மாட்டேங்குது. கை வந்தாத்தானுங்களே வேலை.”

“நாள் ஆனாச் சரியாயிரும். நான் அவங்ககிட்ட டைம் கேட்டு வாங்கறேன்.”

“இனிமே புதுசா சின்னப் பசங்க வருவாங்கன்னு அஸ்கர் தம்பி சொன்னாரு. அவரு புள்ளைகூட வருமாமா. பூதம் பாக்கணும்னு ஓடியாற புள்ளையை இந்தக் கரையில உக்கார வெச்சு என்ற சங்கடத்தைச் சொல்லச் சொல்றீங்களா?”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் என் பக்கத்தில் வந்து படியில் உட்கார்ந்தாள்.

“எங்க போனாங்கன்னு தெரியணும்னுதானுங்க இத்தனை நாள் உக்காந்திருந்தேன். தெரிஞ்சுருச்சு. ஒருத்தரும் என்னை வேணும்னு விட்டுட்டுப் போகலை, அவங்கவங்க பாட்டைப் பாக்கப் போயிருக்கறாங்க. மனசு ஆறிப்போச்சு. மொதல் நாளுக்கு மாத்தறதுன்னு என்னமோ இருக்காமா. அஸ்கர் தம்பிதான் சொன்னாரு. அதைப் பண்ணிருங்க.”

“பண்ணினா இதெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்காது. என்னையும் தெரியாது.”

“தெரியாதுங்க.”

“காப்பி எடுத்துப் பத்திரமா வெச்சுக்கறேன். என்னைக்காவது...”

“என்னைக்காவது எழுப்பி மறுபடி காத்திருக்கச் சொல்லுவீங்களா? வேண்டாமுங்க. வெச்சிருந்தா உங்களுக்குத்தான் தூக்கம் வராது. ஏசி போட்டு, அதுக்கு ஆள் வெச்சு...” என்று கிண்டலாக இழுத்தாள். நான் பேச்சுவாக்கில் ஏசி சர்வீஸ் பற்றியெல்லாம் அவளிடம் உளறியிருந்தேன்.

நான் அழுதேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அழுதால் துடைக்க முடியாது, அன்றைக்குக் கழற்றவும் மனசு வரவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் அம்மிணி,” என்றாள் பிறகு. “அந்தக் கேள்வியைத் திருப்பிப் பூட்டிராதீங்க. புதுசா இங்க உக்கார்றவளுக்கு அது வேணும். எங்க போறாங்க, எப்ப வருவாங்கன்னு கேட்டு வெச்சுக்கிட்டான்னா அவளுக்கு இந்தக் கஷ்டம் வராது.”

“ஊர்ல பெரியவங்க திட்டுவாங்க. பொறப்படறப்பக் கேக்கக் கூடாதும்பாங்க.”

“திட்டிட்டுப் போறாங்க. திட்டு வாங்கறது அவதானுங்களே.”

மூல வட்டிலும் அந்த நாலு வரியை அழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பொத்தானைத் தானே அழுத்துவதாக மிதுன் சொன்னான். வேண்டாம் என்று நானே அழுத்தினேன். காப்பி எடுக்கவில்லை. பதினெட்டு வருஷமும், முப்பத்தாறு பரிசலும், அவள் நரையும் போக மொத்தம் பதினோரு நிமிஷம் ஆனது. மிதுன் அதுவரை என் பக்கத்திலேயே நின்றான். பிறகு ஒரு டீ வாங்கி வந்து கொடுத்தான். நல்ல பையன்.

*

புது ‘ஏழாற்று நாடு’ தை மாசம் ஒரு சனிக்கிழமை காலையில் திறந்தது. அம்புக்குறி இல்லை. பூதத்தோடு பேசலாம். குதிரையும் இல்லை, அதில் நான் தோற்றுவிட்டேன். அஸ்கர் தன் பொண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு விளையாடுகிற படத்தை அனுப்பியிருந்தார். அந்தப் பிள்ளை முதல் பயணத்திலேயே ஆற்றில் விழுந்துவிட்டதாம்.

ஒன்பதரைக்கு நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எல்லோரையும் போல வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் எட்டுப் பேர். செம்பாயிக்குக் கருகருவென்று முடி. ஒவ்வொருத்தரையும் அளந்து, கிண்டல் பண்ணி, ஏற்றிக்கொண்டு போனாள். துடுப்பு அவள் கையில் சுலபமாகப் போய் வந்தது.

என் முறை வந்தது. “ஊருக்குப் புதுசுங்களா அம்மிணி?” என்று கேட்டாள்.

நான் எழுதிய வரிதான். எத்தனை தடவை படித்திருப்பேன். இருந்தாலும் சுருக்கென்றது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

“ஏறுங்க. பயப்படாதீங்க, என்ற பரிசல்ல ஏறினவங்க நனைஞ்சிருக்காங்க, முழுகினதில்லை.”

ஏறி உட்கார்ந்தேன். துடுப்பைத் தண்ணீரில் வைத்தவள், தள்ளாமல் என்னைப் பார்த்தாள்.

“எங்கீங்க போறீங்க?”

அப்பா இருந்திருந்தால் பரிசலை விட்டு இறங்கியிருப்பார். எனக்கும் ஒரு நொடி பழைய எரிச்சல் எட்டிப் பார்த்தது. பிறகு நிதானமாக, ஒன்று விடாமல் சொன்னேன்.

“அக்கரைக் கோயில் வரைக்கும் போறேன். பதினோரு மணிக்குக் கெளம்பிருவேன், கம்பெனியில ஒரு லோடு ஏத்தணும். பொறவு சாப்பாடு. கொஞ்சம் கண்ணசருவேன். சாயங்காலம் அஞ்சரைக்குத் திரும்ப வருவேன்.”

“அஞ்சரைக்குங்களா,” என்றாள். மனசுக்குள் குறித்துக்கொள்கிற மாதிரி இருந்தது. “சரிங்க.” பரிசலைத் தள்ளினாள்.

அன்றைக்கு லாரி தாமதமாக வந்து, லோடு ஏற்றி முடிக்க ஆறு மணிக்கு மேல் ஆகும் போலிருந்தது. மிச்சத்தைத் திங்கட்கிழமை ஏற்றிக்கொள்ளலாம் என்று டிரைவரை அனுப்பிவிட்டு, ஐந்து இருபத்தைந்துக்கே கண்ணாடியை மாட்டினேன்.